தன்வேகக் கற்றலும் பள்ளிப் பணியாளரும்: மின்னணுக் கருவிகளுக்கான இணையவழிப் பயிற்சியின் வடிவமைப்பு குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் கேள்வியும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மின்னணுக் கருவி தொடாத வேலை இன்று குறைவு. மாணவர் வருகை, மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பொருள்களின் வழங்கல் ஆகியவை எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் பதிவாகின்றன. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2023 ஜூலையில் மணற்கேணி எனும் கற்றல் செயலி வெளியானது. 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகளை வழங்கும் பணி தொடங்கியது.

கருவிகள் வந்த வேகத்தில் பயிற்சியும் வர வேண்டியிருந்தது. 37 ஆயிரத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளிகளில் பரவியிருக்கும் பணியாளர்களை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்றுவதற்குச் செலவு மிகுதி. கூட்டும் நாளில் வகுப்பறைகளும் வெறுமையாகின்றன. இந்த இரண்டுக்கும் விடையாக முன்வைக்கப்பட்டதே தன்வேக இணையவழிப் பயிற்சி. கற்பவர் தமக்கு வசதியான நேரத்தில், தமக்கு இயன்ற வேகத்தில் பாடங்களைக் கடந்து செல்லலாம் என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எந்த நிபந்தனைகளின் கீழ் மெய்யாகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் திட்டம், மத்திய அரசின் இணையவழிக் கல்விக்கான திக்‌ஷா தளத்தில் நடந்த, ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி. அதை அளந்து பார்க்கும் களமாகச் சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டை கொள்ளப்படுகிறது. கம்பரின் நினைவிடமும் கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலும் நகரத்தார் வீடுகளும் கொண்ட இந்தப் பேரூராட்சி, பெருநகரமும் அன்று, எட்டாத குக்கிராமமும் அன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணிசமானவை இத்தகைய ஊர்களிலும் இவற்றைச் சுற்றிய கிராமங்களிலுமே இயங்குகின்றன. இங்கே பொருந்தும் வடிவமைப்பு மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் பொருந்தும்.

2. கருத்தின் வரலாறு

தன்வேகக் கற்றல் இணையத்தோடு பிறந்த கருத்து அன்று. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950களில் கற்பிக்கும் இயந்திரங்களை முன்வைத்தார். பாடத்தைச் சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் கற்பவரைப் பதிலளிக்கச் செய்து, அது சரியா என்பதை உடனே காட்டுவது அவற்றின் முறை. இன்றைய இணையப் பாடங்களின் வினாடி வினா அந்த மரபிலிருந்தே வருகிறது.

அடுத்த பெரிய படியை எடுத்தவர் ஃபிரெட் கெல்லர். பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தமது பணியை விளக்கி 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தனியாளுக்கேற்ற பயிற்று முறை ஒன்றை வகுத்தது. அதன் கூறுகள் ஐந்து: கற்பவரின் சொந்த வேகம், ஓர் அலகில் தேர்ச்சி பெற்ற பின்பே அடுத்த அலகு, எழுத்துவழிப் பாடப்பொருளுக்கு முதன்மை, விரிவுரை ஊக்கத்துக்கு மட்டும், ஒவ்வொரு அலகின் முடிவிலும் கற்பவரோடு உட்கார்ந்து விடையைப் பரிசீலிக்கும் மூத்த மாணவர் துணை. ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக், பீட்டர் கோஹன் ஆகியோர் 1979இல் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, இம்முறையில் படித்தவர்களின் இறுதித் தேர்வு மதிப்பெண் வழக்கமான வகுப்பில் படித்தவர்களுடையதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. தள்ளிப்போடுதல் அதன் தீராத குறையாக இருந்தது. கெடு இல்லாத இடத்தில் பலர் தொடங்கவே இல்லை.

கெல்லரின் ஐந்து கூறுகளில் முதலாவது மட்டுமே பிற்கால இணையவழிப் பாடங்களில் முழுமையாக நிலைத்தது. அலகுத் தேர்ச்சி பெயரளவில் நின்றது. துணையாள் பெரும்பாலும் மறைந்தார். விளைவைத் திறந்த இணையப் பெரும்பாடங்களில் காணலாம். ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரஸ்-வாலியென்டேயும் 2019இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஹார்வர்டு, எம்ஐடி நிறுவனங்களின் பாடங்களில் சேர்ந்தோரில் 2017–18இல் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதமே. பாடத்தின் தரத்தால் மட்டும் நிறைவு விகிதம் உயர்வதில்லை என்பதை இது காட்டுகிறது.

3. இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தொலைவிலிருந்து ஆசிரியரைப் பயிற்றும் முயற்சி இந்தியாவில் அரை நூற்றாண்டுப் பழமை உடையது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களில் நடந்த சைட் எனும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் 12 நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சிட்ட கையேடும் நேரடிச் செயல்பாடுகளும் சேர்ந்திருந்தன. ஒளிபரப்பு மட்டும் போதாது என்ற தெளிவு அப்போதே இருந்தது.

பின்னர் வந்த பத்தாண்டுகளில் அடுக்குமுறைப் பயிற்சி நிலைபெற்றது. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர், அவரிடமிருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டார வளமையம், முடிவில் குறுவளமையம் என்று செய்தி இறங்கிவரும். ஒவ்வொரு அடுக்கிலும் செய்முறை சுருங்கி, கடைசி ஆசிரியருக்கு அறிவுரை மட்டுமே மிஞ்சுகிறது என்ற விமர்சனம் இதன் மீது தொடர்ந்து உண்டு.

இணையவழியில் தமிழ்நாடு முன்னோடியாகவும் இருந்திருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாக 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்கும் அந்நிறுவனம், உலகத் தமிழர்களுக்குச் சான்றிதழ் நிலை முதல் பட்டம் வரை இணையப் பாடங்களை அமைத்தது. தமிழில் பாடப்பொருளை அலகுகளாகப் பிரித்து, எழுத்தும் ஒலியும் காட்சியும் இணைத்துத் தரும் அனுபவம் இந்த மாநிலத்தில் கால் நூற்றாண்டாக இருக்கிறது.

2017 செப்டம்பர் 5 அன்று திக்‌ஷா தளம் தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 21 அன்று நிஷ்டா எனும் தேசியப் பயிற்சித் திட்டம், ஏறத்தாழ 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் ஆகியோரை இலக்காகக் கொண்டு நேரடி முறையில் தொடங்கப்பட்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும் 2020 அக்டோபரில் அது திக்‌ஷாவுக்கு மாறியது. 18 பாடங்கள் சில வாரங்களுக்கு ஒரு தொகுதியாக வெளிவந்தன. 2021இல் உயர்நிலை ஆசிரியர்களுக்கும், அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கும் அடுத்த கட்டங்கள் வந்தன. மூன்று கட்டங்களிலும் கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பத்தை இணைப்பது ஒரு பாடமாக இடம்பெற்றது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணிநேரத் தொழில்முறை வளர்ச்சிப் பயிற்சியை முன்வைத்ததால், இத்தகைய பாடங்களின் தேவை நிலையானதாயிற்று.

4. நிஷ்டாவின் வடிவமைப்பு: ஒரு மதிப்பீடு

நிஷ்டா இணையவழிக்கு மாறியதில் மறுக்க முடியாத பேறுகள் உண்டு. அடுக்குகளில் தேயாமல் ஒரே பாடப்பொருள் கடைசி ஆசிரியர் வரை சென்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அது கிடைத்தது. காணொளியை நிறுத்தி மீண்டும் பார்க்க முடிந்தது. செயலியில் பதிவிறக்கி இணையமின்றியும் படிக்க முடிந்தது. ஊரடங்கு மாதங்களில் வேறு எந்த முறையாலும் இந்த அளவை எட்டியிருக்க முடியாது.

குறைகள் தளத்தில் இருப்பதைவிட வடிவமைப்பில் மிகுதி. முதலாவது, பாடங்கள் குறித்த நாளில் திறந்து குறித்த நாளில் மூடின. தன்வேகம் என்பது ஒரு சாளரத்துக்குள் அடங்கிய வேகமாக இருந்தது. கெடு தவறு அன்று; கெல்லரின் அனுபவமே கெடுவின் தேவையை உணர்த்துகிறது. பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, முந்தையதை வகுப்பில் செய்து பார்க்க இடைவெளி இல்லாமல் போனதே சிக்கல். இரண்டாவது, தேர்ச்சிக்கு அளவுகோல் பலவிடை வினாக்களில் 70 சதவீதம். கருவியைப் பற்றிய அறிவை இவ்வினாக்கள் அளக்கும். கருவியைக் கையாளும் திறனை அளப்பதில்லை. மதிப்பெண் பட்டியலைக் கணினியில் அமைக்கத் தெரியுமா என்பதற்கு, அமைத்த பட்டியலே சான்று.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரிது. பயிற்சிக்குரிய நேரம் பணிநேரத்திலிருந்து வீட்டு நேரத்துக்கு நகர்ந்தது. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெண்களே பெரும்பான்மையினர். பள்ளி முடிந்து பேருந்தில் வீடு திரும்பி, சமையலும் பிள்ளைகளின் படிப்பும் முடிந்த பிறகே பாடத்தைத் திறக்க முடியும் என்றால், அங்கே வேகத்தைத் தீர்மானிப்பவர் கற்பவர் அல்லர். எமிஸ் பதிவுப் பணியின் சுமை குறித்து ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் எழுப்பிவந்த சூழலில், பயிற்சியும் மற்றொரு பதிவாகத் தோன்றுவது இயல்பு. அப்போது பாடம் படிக்கப்படுவதில்லை, கடக்கப்படுகிறது.

5. யாருக்கு, எதற்கு?

மின்னணுப் பயிற்சியின் திட்டங்கள் பெரும்பாலும் ஆசிரியரை மட்டுமே கருதுகின்றன. பள்ளியில் கருவியைத் தொடும் மற்றவர்களின் தேவை வேறு. தலைமையாசிரியருக்கு எமிஸ் தரவைச் சரிபார்ப்பதும், அதிலிருந்து இடைநிற்கும் அபாயத்தில் உள்ள குழந்தையை அடையாளம் காண்பதும் முக்கியம். இளநிலை உதவியாளருக்குச் சம்பளப் பட்டியல், கடிதங்கள், கோப்புகளை ஒழுங்காகச் சேமித்தல். உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாளருக்குக் கருவிகளின் பராமரிப்பு. சத்துணவு அமைப்பாளருக்கு அன்றாட எண்ணிக்கையை அனுப்புதல். சிறப்பாசிரியருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஆகியவை.

ஆசிரியர்களுக்குள்ளும் தேவை ஒன்றாக இல்லை. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் தகுதிச் சட்டகம் 18 திறன்களை மூன்று நிலைகளில் வைக்கிறது: அறிவைப் பெறுதல், ஆழப்படுத்துதல், உருவாக்குதல். புனியா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் முன்வைத்த கோட்பாடு மேலும் ஒன்றைச் சொல்கிறது: தொழில்நுட்ப அறிவு தனித்து நிற்கும்போது கற்பித்தலில் பயன் தராது; பாடப்பொருளறிவோடும் கற்பிக்கும் முறையறிவோடும் அது கலக்க வேண்டும். கம்பராமாயணப் பகுதி ஒன்றை நடத்தும் தமிழாசிரியர், நாட்டரசன்கோட்டையில் இருக்கும் கம்பர் நினைவிடத்தை மாணவர்களோடு படமெடுத்து, மூத்தோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, வரைபடத்தோடு ஒரு சிறு படக்கதையாக்கினால் அந்தக் கலப்பு நிகழ்கிறது. ஒளிப்பட வில்லைகளை அழகாக அமைக்கும் பயிற்சியால் மட்டும் அது நிகழாது.

ஆகவே முதற்படி, ஒரே பாடத்தை அனைவருக்கும் அனுப்புவதற்குப் பதிலாக, பணிவாரியாகவும் நிலைவாரியாகவும் தொடக்க மதிப்பீடு ஒன்றை வைப்பது. ஏற்கெனவே தெரிந்ததைச் செய்துகாட்டியவர் அந்த அலகைத் தாண்டிச் செல்ல வேண்டும். தெரிந்ததை மீண்டும் பார்க்கச் சொல்வது தன்வேகத்துக்கே முரண்.

6. அலகின் அமைப்பு

ஜான் ஸ்வெல்லர் 1988இல் விளக்கிய அறிதல் சுமைக் கோட்பாடு, செயல்நினைவு ஒரே நேரத்தில் மிகச் சிலவற்றையே தாங்கும் என்கிறது. புதியவருக்கு முழுதும் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டு, வெறும் பயிற்சியைவிட உதவும். ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காணொளியைச் சிறு துண்டுகளாக்கி, அடுத்த துண்டுக்குப் போகும் பொறுப்பைக் கற்பவரிடம் விடச் சொல்கின்றன. இவற்றை ஒரு நடைமுறை அலகில் பொருத்திப் பார்க்கலாம்.

காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை விரிதாளில் அமைப்பது அலகின் பொருள் எனக் கொள்வோம். முதல் துண்டு, முடிந்த பட்டியல் ஒன்றைக் காட்டி, அதிலிருந்து ஆசிரியர் எடுக்கும் முடிவைச் சொல்கிறது. இரண்டாம் துண்டு, பெயர்களையும் மதிப்பெண்களையும் உள்ளிடுவதைச் செய்துகாட்டுகிறது. மூன்றாம் துண்டில் ஒரு பொறி: தேர்வுக்கு வராத மாணவருக்குப் பூஜ்யம் இட்டால் வகுப்பின் சராசரி இறங்கும், கட்டத்தை வெறுமையாக விட்டாலோ, வரவில்லை என்று எழுத்தில் குறித்தாலோ சராசரிக் கணக்கில் அவர் சேரமாட்டார். இந்த வேறுபாடு தெரியாமல் அமைத்த பட்டியல் ஒரு வகுப்பைத் தவறாக மதிப்பிடும். நான்காம் துண்டில் கற்பவர் தம் வகுப்பின் உண்மைப் பட்டியலை அமைக்கிறார். அலகு முடியும்போது, பள்ளிக்கு எப்படியும் தேவைப்பட்ட ஒரு வேலையும் முடிந்திருக்கும். பயிற்சி கூடுதல் சுமையாகாமல் இருக்க இதுவே வழி.

தமிழ்நாட்டுக்கென்று தனியாக வேண்டிய அலகு தமிழில் தட்டச்சு. அலுவலகங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைப்பேசியிலோ அவை புரியாத குறிகளாகத் திறக்கின்றன. 1999இல் தமிழ்99 விசைப்பலகையும் 2010இல் ஒருங்குறியும் அரசின் தரங்களாக ஏற்கப்பட்டன. ஆயினும் பழைய தட்டச்சு இயந்திர அமைப்பில் கைபழகியவரிடம் விசைப்பலகையை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை; அதே அமைப்பில் ஒருங்குறியில் தட்டச்சிடும் வழியும் பழைய கோப்பை மாற்றும் வழியும் காட்டினால் போதும். வினாத்தாளும் சுற்றறிக்கையும் ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்குச் சிதையாமல் செல்வதற்கு இந்த ஓர் அலகு செய்யும் உதவி, பகட்டான செயலிகள் பலவற்றின் அறிமுகத்தைவிடப் பெரிது.

மூன்றாவது கட்டாய அலகு குழந்தைகளின் தரவுப் பாதுகாப்பு. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குத் தனிக் கவனம் கோருகிறது. மாணவரின் ஆதார் எண், சாதி விவரம், ஒளிப்படம் ஆகியவை வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படும் வழக்கத்தை மாற்ற, சட்ட விரிவுரையைவிட எதை எங்கே அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்ற பத்து நிகழ்வுகளின் ஆய்வு பயன்படும்.

அலகுகள் விரைவில் பழையதாகும் என்பதும் கணக்கில் வர வேண்டும். செயலியின் திரை மாறிய மறுநாளே அதன் காணொளி வழிதவறச் செய்யும். மாறாத கருத்தை ஒரு துண்டிலும், மாறக்கூடிய சொடுக்கு வரிசையை அச்சிடத்தக்க ஒரு பக்கத் தாளிலும் பிரித்து வைத்தால் திருத்துவது எளிது. ஒவ்வொரு அலகிலும் கடைசியாகத் திருத்திய நாள் தெரிய வேண்டும்.

7. நேரமும் துணையாளும்

பணிநேரத்தில் வாரம் ஒரு பாடவேளை பயிற்சிக்கு ஒதுக்கப்படாமல் தன்வேகம் நிலைக்காது. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இது கடினம் என்பது உண்மை. அங்கே குறுவளமையக் கூட்ட நாளின் ஒரு பகுதியைத் தனிக் கற்றலுக்கு விடலாம். உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தை அருகிலுள்ள தொடக்கப்பள்ளியினரும் பயன்படுத்தலாம். 2021இல் ஆசிரியர்களுக்கான அடிப்படைக் கணினிப் பயிற்சிக்கு இந்த ஆய்வகங்களே பயன்பட்டன. கால அட்டவணை ஊரின் நாட்காட்டியையும் அறிய வேண்டும். தேர்வு வாரங்களிலும், நாட்டரசன்கோட்டையில் தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்ப் பொங்கல், பங்குனியில் கம்பன் விழா போன்ற நாட்களிலும் கெடு வைப்பது தோல்வியை முன்கூட்டியே அழைப்பதாகும்.

துணையாளுக்கான அமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு நேரில் செல்பவர்கள். காளையார்கோவிலில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும், தொலைநிலைக் கல்வியில் நெடிய அனுபவம் கொண்ட காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் இந்த மாவட்டத்தின் வளங்கள். பயிற்றுநரின் வருகையில் ஒரு பகுதி, கற்பவர் அமைத்த பட்டியலையோ பாடத்தையோ உடன் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒதுக்கப்பட்டால், கெல்லரின் ஐந்தாவது கூறு மீண்டு வரும்.

இத்தகைய ஏற்பாடு இயலும் என்பதற்கு அண்டை மாநிலம் சான்று. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி 2017இல் கைட் என்ற நிறுவனமான கேரளத்தின் அமைப்பு, ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கியது. அதன் கூல் எனும் இணையவழிப் பாடத்தில் கற்போர் குழுக்களுக்கு வழிகாட்டிகள் உண்டு. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2015 முதல் நான்கு மாநிலங்களில் நடத்திய கிளிக்ஸ் திட்டத்தில், ஆசிரியர்கள் கைப்பேசிக் குழுக்களில் தம் வகுப்பு அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர். இரண்டிலும் தளம் கருவியாக நின்றது. கற்றலைத் தாங்கியவர்கள் சக ஆசிரியர்கள்.

8. எதிர்வாதங்கள்

துணையாளும் பணிநேரமும் கோரினால் இணையவழிப் பயிற்சியின் சிக்கனம் போய்விடும் என்று கூறப்படலாம். நேரடிப் பயிற்சியின் பயணச் செலவும் வகுப்பிழப்பும் இதைவிடக் கூடுதல் என்பதோடு, கற்கப்படாத பயிற்சிக்குச் செய்த சிறு செலவும் வீண் செலவே. கட்டாயப்படுத்தாவிட்டால் யாரும் முடிக்கமாட்டார்கள் என்பது இரண்டாவது வாதம். கெடு வேண்டும் என்பது சரி. ஆனால் கெடு சான்றிதழோடு மட்டும் கட்டப்பட்டால் திரையைத் தள்ளிச் செல்லும் பழக்கமே வளரும். காலாண்டுப் பட்டியல் போன்ற உண்மை வேலையோடு அது கட்டப்பட்டால், அந்த வேலையின் நாளே கெடுவாகும். இளைய ஆசிரியர்கள் கைப்பேசியில் வல்லவர்கள், அவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்பது மூன்றாவது. சமூக ஊடகத்தில் பழக்கம் இருப்பதால் விரிதாளில் பூஜ்யத்துக்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடாது. அவர்களுக்கு எது தெரியும் என்பதைத் தொடக்க மதிப்பீடே காட்டும்.

9. முடிவுகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தன்வேகம் என்பது தளத்தின் இயல்பு அன்று. பணிநேரமும் உண்மைப் பணியும் அருகிலிருக்கும் துணையாளும் சேர்ந்து உருவாக்கும் நிலை. இரண்டு, பயிற்சி ஆசிரியரோடு நில்லாமல் தலைமையாசிரியர், அலுவலகப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர் வரை பணிவாரியாக அமைய வேண்டும். மூன்று, தேர்ச்சிக்கு அளவுகோலாகப் பலவிடை வினாவைவிடச் செய்து முடித்த வேலை கொள்ளப்பட வேண்டும். சில மாதங்கள் கழித்து அத்திறன் பயன்பாட்டில் இருக்கிறதா என்ற மறுபார்வையும் வேண்டும். நான்கு, திட்டத்தின் வெற்றியைச் சான்றிதழ்களின் எண்ணிக்கையால் அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். பணியாளருக்கு மிச்சமான நேரமும் மாணவருக்குக் கிடைத்த பயனுமே அதன் அளவு.

இவற்றில் எதற்கும் புதிய தளமோ புதிய கருவியோ தேவைப்படவில்லை. திக்‌ஷாவும் ஆய்வகங்களும் வளமையங்களும் இருக்கின்றன, பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். கால அட்டவணையில் ஒரு பாடவேளையை ஒதுக்குவதும், பயிற்றுநரின் பணிவரையறையில் ஒரு வரியைச் சேர்ப்பதும், அலகுகளைப் பள்ளியின் சொந்த வேலையைச் சுற்றித் திருத்தி எழுதுவதுமே எஞ்சியுள்ளன. ஒரு வட்டாரத்தில் ஓராண்டு இதை நடத்திப் பார்த்தால், மாநில அளவில் விரிக்கத் தேவையான சான்று கிடைத்துவிடும்.